150 போதும்: எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்குப் படித்த அனுபவம்

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஊர் திரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்தப் புத்தகம் படிக்கணும்?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது, "எதையெல்லாம் விடப்போறே?" கேட்டவர்களுக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். ஆனால் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்வதற்கு எழுத வேண்டிய இந்த எஃப்.எம்.ஜி.இ. தேர்வைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மொத்தம் 300 கேள்விகள். 150 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ரேங்க் கிடையாது. 151 வாங்கியவருக்கும் 240 வாங்கியவருக்கும் ஒரே சான்றிதழ்தான். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். இப்படிச் சொன்னால் சுலபமாகத் தெரியும். ஆனாலும் பல முறை நூற்றுக்கு இருபது பேர் அளவில்தான் தேறுகிறார்கள், சில முறை பத்துப் பேர்தான். தோற்பவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள் இல்லை. ரேங்க்குக்காக எழுதும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. எழுதுவதுபோல எல்லாவற்றையும் படிக்கப் போய், எதையும் இரண்டாம் முறை திருப்பிப் பார்க்க நேரமில்லாமல் போனவர்கள் அதில் நிறைய.

நான் ஆத்தூர்ப் பக்கம். ஜார்ஜியாவில், டிபிலிசியில் ஆறு வருடம் படித்தேன். திரும்பி வந்து சென்னையில் ஓர் அறை எடுத்துத் தங்கிப் படித்தோம். கூட இருந்த இருவரில் ஒருத்தி ரஷ்யாவில் படித்தவள், இன்னொருத்தி பிலிப்பைன்ஸில். மூன்று பேரும் தேறிவிட்டோம். முதல் முறையிலேயேவா என்று கேட்காதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 110 கேள்விகளுக்கு உங்களுக்கு உறுதியாக விடை தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 190-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால்கூட நாலில் ஒன்று என்ற கணக்கில் 47 பக்கம் வரும். கூட்டினால் 157. இதை நம்பி யாரும் தேர்வுக்குப் போக வேண்டாம், அதிர்ஷ்டம் அன்றைக்கு வேறு பக்கம் பார்க்கலாம். ஆனால் நாலு விடைகளில் இரண்டைத் தள்ளிவிடும் அளவுக்கு ஒரு பாடம் தெரிந்தாலே அந்த நாலில் ஒன்று, இரண்டில் ஒன்றாகிவிடும். அதனால் முப்பது பாடப்பகுதிகளை அரைகுறையாகத் தொடுவதைவிட, இருபதை மூன்று முறை பார்ப்பது மேல். மீதிப் பத்தை மனசாட்சி உறுத்தாமல் விட வேண்டும். எங்கள் அறையில் அந்தக் கடைசி வேலைதான் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகியவர்களுக்கு ஓர் அத்தியாயத்தைத் தள்ளி வைப்பது பாவம் செய்வதுபோல இருக்கும்.

எந்தப் பாடத்துக்கு எத்தனை கேள்வி என்பதை நடத்துகிறவர்களே, அதாவது தில்லியில் இருக்கும் தேசியத் தேர்வு வாரியமே, கையேட்டில் போட்டுவிடுகிறார்கள். மெடிசின் 33, சர்ஜரி 32, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30. இந்த நாலிலேயே 125 வந்துவிடுகிறது. குழந்தை மருத்துவம், கண், காது-மூக்கு-தொண்டை ஒவ்வொன்றும் 15. மனநலம், தோல், கதிர் சிகிச்சை, எலும்பு, மயக்கவியல், ரேடியாலஜி ஆறுக்கும் தலா 5. முதல் வருடப் பாடங்கள் மூன்றும், அதாவது அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, தலா 17. பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி தலா 13, தடயவியல் 10.

இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு, படிப்பை அனாடமியில் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். காலேஜில் முதல் வருடம் அதுதான் வந்தது என்பதற்காக இங்கேயும் அதில் தொடங்கி, கழுத்துத் தசைகளிலேயே ஒரு மாதம் போய்விடும். நாங்கள் சமூக மருத்துவத்தில் தொடங்கினோம், அப்புறம் மகப்பேறு, அப்புறம் பதினைந்து மதிப்பெண் பாடங்கள் மூன்று. கண்ணும் காதும் சின்னப் பாடங்கள். சீக்கிரம் முடியும், கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் இருந்துதான் வரும். அனாடமியில் நரம்புக் காயங்கள், மண்டை ஓட்டுத் துளைகள் வழியே எது போகிறது, இதயத்தின் ரத்தக் குழாய்கள் என்று கொஞ்சம் எடுத்துக்கொண்டு, திசுவியலையும் கருவியலில் பாதியையும் விட்டுவிட்டேன். பயோகெமிஸ்ட்ரியில் வைட்டமின்கள், பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாடுகள். அவ்வளவுதான். பிலிப்பைன்ஸ்காரிக்கு பிசியாலஜி பிடிக்கும், அவள் அதை முழுசாகப் படித்தாள். பிடித்ததை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவளுக்கு அதில் மதிப்பெண்ணும் வந்தது.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு எங்கே ஓட்டை விழுகிறது என்பது நாட்டைப் பொறுத்தது. "ஃபாரின்ல ஒண்ணும் சொல்லித் தரமாட்டாங்க" என்று இங்கே சொல்வது நியாயமில்லை. டிபிலிசியில் எங்களுக்கு பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ், பற்றி நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஊரில்தான் 1923-இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் இருக்கிறது, ஆன்டிபயாடிக் கேட்காத கிருமிகளுக்கு இன்றும் ஃபேஜ் கொடுக்கிறார்கள். 2015-இல் ஆரம்பித்த ஹெபடைடிஸ் சி ஒழிப்புத் திட்டம் அங்கே பெரிய விஷயம், கல்லீரல் பாடம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் மலேரியா? ஜார்ஜியாவை மலேரியா இல்லாத நாடு என்று 2025 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது. நாங்கள் படித்த காலத்திலும் வார்டில் ஒரு மலேரியா நோயாளியைப் பார்த்ததில்லை. இங்கே கேள்வித்தாளில் வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு பிரைமாகுயின் மாத்திரை 14 நாள், ஃபால்சிபாரம் வகை என்றால் ஒரே ஒரு வேளை என்று வித்தியாசம் கேட்பார்கள்.

பாம்புக்கடி இன்னும் மோசம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலும் கிராமத்தில் வளர்ந்த எனக்குப் பெயரளவில் தெரியும். ஆனால் தரையில் படுத்துத் தூங்கியவர் வலியோ வீக்கமோ இல்லாமல் விடியற்காலையில் இமை தூக்க முடியாமல் வந்தால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும் என்பதை ஆறு வருடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே அதற்குத் தேவையும் இல்லை. கண்ணாடிவிரியன் என்றால் ரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். அதற்கு ஒரு காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைந்ததா என்று பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. ஆய்வகம் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து இந்த நாலுக்கும் சேர்த்தே தயாராகிறது. அதற்கான விஷத்தில் பெரும் பங்கைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. இது கேள்வியில் வராது, ஆனால் தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பாடம் மறக்கவில்லை.

பூச்சிமருந்துக் கதையும் அப்படித்தான். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து குடித்தவருக்கு முறிமருந்தான அட்ரோபின் கொடுக்கும்போது கண்மணி விரிந்துவிட்டதே என்று நிறுத்தக் கூடாது, நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கியதா என்று பார்க்க வேண்டும். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அரளி விதையும் ஒடுவந்தழையும் விஷம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரளி இதயத் துடிப்பைக் குறைக்கும், ஒடுவந்தழை பொட்டாசியத்தைக் குறைத்து ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும். ரஷ்யாவில் படித்த தோழிக்கு இதெல்லாம் நான்தான் சொன்னேன்.

நோயாளியிடம் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எங்கே வலிக்கிறது?" என்று ஜார்ஜிய மொழியில் கேட்க எங்களுக்குத் தெரியும். பாட்டி பதில் சொல்ல ஆரம்பித்தால் ஒன்றும் புரியாது. அதனால் நோயாளியின் கதையைக் கேட்டு, இதுவா அதுவா என்று யோசிக்கிற பழக்கம் எங்களில் பலருக்கு வளரவே இல்லை. இப்போது கேள்விகள் பெரும்பாலும் கதையாகத்தான் வருகின்றன: இத்தனை வயது, இத்தனை நாள் காய்ச்சல், இப்படி ஒரு படம், அடுத்து என்ன செய்வீர்கள்? இதற்குப் புத்தகம் உதவாது, கேள்விகளைப் போட்டுப் போட்டுத்தான் பழக வேண்டும்.

சமூக மருத்துவத்தை நம் ஆட்கள் அலட்சியம் செய்கிறார்கள். முப்பது மதிப்பெண், அதில் பாதி நேரடி நினைவாற்றல். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000. ஆரம்ப சுகாதார நிலையம் 30,000, 20,000. ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா, அதாவது கிராமத்துச் சுகாதாரத் தன்னார்வலர். தமிழ்நாட்டில் எங்களுக்கு ஊரில் தெரிந்தவர் கிராம சுகாதார செவிலியர்தான், மலைக்கிராமங்களை விட்டால் ஆஷாவைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் கேள்வி கேட்பவர் தில்லியில் இருக்கிறார். தடுப்பூசி அட்டவணையை ஜார்ஜியாவில் படித்த நினைவிலிருந்து எழுதிவிடாதீர்கள். இங்கே போலியோ ஊசி 6-ஆவது வாரம், 14-ஆவது வாரம், 9-ஆவது மாதம். காசநோய்த் திட்டத்தில் நோயாளிக்குச் சாப்பாட்டுக்காகக் கொடுக்கும் தொகை 2024 நவம்பரில் மாதம் 500-இலிருந்து 1,000 ரூபாய் ஆனது. பழைய வீடியோவில் 500 என்றுதான் இருக்கும்.

தடயவியலிலும் இதே ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கவனக்குறைவால் மரணம் 304ஏ என்று பத்து வருடமாக எல்லாரும் மனப்பாடம் செய்தது இப்போது 106. வரதட்சணை மரணம் 304பி, இப்போது 80. காவல் துறையின் பிரேத விசாரணை 174, அது புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. சீனியரிடமிருந்து வாங்கிய நோட்ஸில் இந்தப் பக்கத்தை மட்டுமாவது கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

வீடியோ பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. மாரோ, பிரெப்லேடர் என்று செயலிகள் நிறைய. எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்று வாங்குங்கள், இரண்டு வாங்காதீர்கள். வீடியோ பார்ப்பது படிப்பது ஆகாது. பார்க்கும்போது எல்லாம் புரியும், திருப்தியாக இருக்கும், மறுநாள் கேள்வியைப் பார்த்தால் வெறுமைதான். ஒரு பாடத்தின் வீடியோ முடிந்த அன்றே அதே பாடத்தின் க்யூ பேங்க் (கேள்வி வங்கி) கேள்விகளைப் போட வேண்டும். தப்பானவற்றை ஒரு தனி நோட்டில் ஒரே வரியில் எழுத வேண்டும். விடை மட்டும், விளக்கம் வேண்டாம். கடைசி மாதம் நான் பார்த்தது அந்த நோட்டைத்தான். நன்றாகத் தெரிந்த பாடங்களின் வீடியோவைப் பார்க்காமல் நேரே கேள்விக்குப் போனது நிறைய நேரம் மிச்சம் பிடித்தது.

கிராண்ட் டெஸ்ட், அதாவது முழு மாதிரித் தேர்வு, எழுதும்போது நாங்கள் ஒன்று செய்தோம், அதை மட்டும் கட்டாயம் சொல்வேன். உண்மையான நேரத்திலேயே எழுதினோம். தேர்வு காலை 9 முதல் 11.30 வரை 150 கேள்வி, மதியம் 2 முதல் 4.30 வரை 150. நடுவில் சாப்பிட்டுவிட்டு மதியம் உட்காரும்போது வரும் தூக்கம் சாதாரணமானது இல்லை. வீட்டில் அதைப் பழகாமல் போனால் இரண்டாம் பகுதியில் கதை நீளமான கேள்விகளைக் கண்கள் மட்டும் படிக்கும். நான் அன்றைக்குத் தயிர் சாதம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன், காலையில் எழுதிய எதைப் பற்றியும் யாரிடமும் பேசவில்லை. வெளியே ஒரு கூட்டம் நின்று விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். அவர்களிடமிருந்து தள்ளி நிற்பதும் தயாரிப்பில் ஒரு பகுதிதான்.

வீட்டு நிலைமையைச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது. அப்பா கடன் வாங்கித்தான் அனுப்பினார். திரும்பி வந்ததும் கல்யாண வீடு, காதுகுத்து எங்கே போனாலும், "டாக்டரம்மா, எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்பார்கள். தேர்வு இன்னும் எழுதவில்லை என்று சொன்னால், "அதான் படிச்சு முடிச்சாச்சே?" என்பார்கள். விளக்கிச் சொல்லிச் சலித்து, அம்மா என்னை விசேஷங்களுக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அது எனக்குப் பெரிய உதவி.

இந்தச் சமயத்தில்தான் சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்து அழைப்பு வரும். இரவு டியூட்டி, கையில் காசு, "சும்மா பார்த்துக்கிட்டா போதும், சீனியர் பேர்ல கையெழுத்து" என்பார்கள். எனக்கும் ஓர் இடத்திலிருந்து வந்தது, போகவில்லை. பதிவு இல்லாமல் வைத்தியம் பார்ப்பது தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி குற்றம். ஒரு வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நாளைக்கு அந்த நோயாளிக்கு ஏதாவது ஆனால் சீனியர் வரமாட்டார். பணம் நெருக்கடியாக இருந்தால் டியூஷன் எடுங்கள். நீட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

அப்புறம், "நெக்ஸ்ட் வருதாமே, அதுக்கப்புறம் எழுதிக்கலாம்" என்ற பேச்சு. எஃப்.எம்.ஜி.இ.க்குப் பதிலாக வரப்போவதாகச் சொல்லும் அந்தத் தேர்வு 2019 மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. 2023-இல் மாதிரித் தேர்வுக்குத் தேதி அறிவித்து, அதையும் தள்ளிவைத்தார்கள். வரும்போது வரட்டும். ஜூன், டிசம்பர் என்று பெயர் வைத்துக்கொண்டு பல வருடங்களில் ஜூலையிலும் ஜனவரியிலும் நடக்கிற இந்தத் தேர்வு எப்போது வருகிறதோ அப்போது எழுதிவிடுங்கள்.

காகித வேலைகள்தான் சிலருக்குத் தேர்வைவிடப் பெரிய தடை. பட்டச் சான்றிதழை அப்போஸ்டில் செய்யாமல், அதாவது வெளிநாட்டில் செல்லும்படி அங்கே அரசுச் சான்று வாங்காமல், விமானம் ஏறாதீர்கள். ஜார்ஜியா அதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடு, டிபிலிசியிலேயே முடிந்துவிடும். ஊருக்கு வந்துவிட்டு அங்கே இருக்கும் ஜூனியரைக் கெஞ்சினால் ஒரு தேர்வு தவறிவிடும். நீட் மதிப்பெண் அட்டையை அன்றைக்கே பிரிண்ட் எடுத்து வைத்திருக்க வேண்டும், 2018-க்குப் பிறகு போனவர்களுக்கு அது இல்லாமல் எதுவும் நகராது. கொரோனா சமயத்தில் ஆன்லைனில் நடந்த வகுப்புகளை நேரில் ஈடுசெய்ததற்கான சான்றையும் கேட்கிறார்கள், அதைப் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பத்தாம் வகுப்பு சான்றிதழில் ஒரு இனிஷியல் என்றிருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள். நம் ஊரில் இனிஷியலை விரித்து எழுதுவதில் வரும் குழப்பம் வடக்கே இருக்கும் குமாஸ்தாவுக்குப் புரியாது.

இனிமேல்தான் வெளிநாடு போகப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 நவம்பர் 18-இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகள் எங்கள் காலத்து விதிகளைவிடக் கடுமையானவை. படிப்பு குறைந்தது 54 மாதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அங்கேயே 12 மாதம் இன்டர்ன்ஷிப், சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும், படித்த நாட்டில் டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி கிடைக்க வேண்டும். ஏஜென்ட் "எல்லாம் ஓகே சார்" என்பார். அந்த விதிகளைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் பதில் கேளுங்கள்.

தேர்ச்சி என்று வந்த பிறகும் உடனே வேலை முடிந்துவிடாது. நான் தேறியபோது சான்றிதழை தில்லிக்கு நேரில் போய், அசல் ஆவணங்களைக் காட்டி, முகத்தைச் சரிபார்த்துத்தான் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, பிறகு 12 மாத இன்டர்ன்ஷிப்புக்கு இடம். ஒரு கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட இடங்களோடு கூடுதலாக 7.5 சதவீதம் வரைதான் எங்களைப் போன்றவர்களை எடுப்பார்கள், அதனால் உங்கள் ஊர்க் கல்லூரியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். எனக்குக் கிடைத்தது இரண்டு மாவட்டம் தள்ளி. முதல் போஸ்டிங் மெடிசின், முதல் வாரமே பூச்சிமருந்து குடித்த ஒருவர். அட்ரோபின் போட்டுக்கொண்டே நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன், பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, "கண்ணைப் பார்க்காதீங்க மேடம், நெஞ்சைக் கேளுங்க" என்றார். தெரியும் அக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த ஊசியைப் போட்டேன்.